போட்டோக்காரி

இப்போதெல்லாம் எவனுக்கும் தன் மூஞ்சி பிடிப்பதில்லை. பஸ்ஸில் பாருங்கள், கடை வாசலில் பாருங்கள், கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் குவிக்கிறார்கள். பிறகு கட்டைவிரலால் கண்ணாடியைத் தேய்க்கிறார்கள். பரு போய்விடுகிறது, கறுப்பு போய்விடுகிறது, மூக்கு ஒடுங்கிவிடுகிறது. ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத படத்தைப் போட்டு அதற்குக் கீழே 'நான்' என்று வேறு எழுதிக்கொள்கிறார்கள். அந்த மூஞ்சியை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு இந்த மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். வெட்கம் வேண்டாமா?

டச்சிங்காரர் இதை யாரைக் கண்டாலும் சொல்வார். சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார். நாற்பது வருஷம் அவர் சோறு தின்றதும் போட்டோவில் மூஞ்சியைத் திருத்துகிற இதே வேலையில்தான்.

ஸ்டுடியோவின் பின்னறை. சாய்வான மரப்பெட்டி, நடுவில் ஒரு ஓட்டை, ஓட்டையில் மங்கல் கண்ணாடி, கீழேயிருந்து வெளிச்சம். அந்தக் கண்ணாடியின் மேல் நெகட்டிவை வைத்துக்கொண்டு பென்சிலோடு குனிந்து உட்கார்ந்திருப்பார். நெகட்டிவ் என்பது தலைகீழான உலகம். கறுத்த முகம் அதில் வெளுப்பாகத் தெரியும். அதன்மேல் பென்சிலால் கறுப்பு ஏற்ற ஏற்ற, காகிதத்தில் போடும்போது முகம் வெளுத்துக்கொண்டே வரும். கோடாக இழுக்கக்கூடாது, கமா கமாவாகப் போடவேண்டும். கமாவுக்கு மேல் கமா. வெறுங்கண்ணுக்குத் தெரியவே கூடாது. மூக்கை ஒடுக்கவும் உதட்டைக் குறைக்கவும் பிளேடு. நெகட்டிவின் தோலை நுனிப் பிளேடால் சுரண்டி, தூளை உதடு குவித்து மெல்ல ஊதவேண்டும். பென்சில் வேலை பிடிக்கவில்லையென்றால் டர்பன்டைன் தொட்ட பஞ்சால் ஒரு இழுப்பு, போய்விடும். சுரண்டினது சுரண்டினதுதான்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வருஷமாக அவர் பென்சிலைத் தொடவில்லை. மனைவி போய்விட்டாள், மகன் விமானத்தில் போகிற தூரத்தில் இருக்கிறான். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. பெட்டி மட்டும் ஜன்னலோரம் கிடந்தது. அதன்மேல் மருந்து டப்பாவும் கரண்ட் பில்லும் மூக்குக்கண்ணாடியும் வைத்துக்கொள்வார்.

திங்கட்கிழமை சாயங்காலம் செத்துப்போன தங்கையின் மகள் போன் பண்ணினாள். வயது நாற்பத்தாறு. இவருக்கு இன்னும் பாப்பாதான். படம் எடுக்கிறவள், வீடியோ எடுக்கிறவள், சத்தத்தைப் பிடித்து வைக்கிறவள். நிறம், இனம், நான் யார், எனக்கு என்ன ஞாபகம் என்று கேட்டுக்கொண்டு தேசம் தேசமாகச் சுற்றுகிறாள். ஒருமுறை நூறு பேரிடம், சின்ன வயதில் உங்கள் நிறத்தைச் சொல்லி எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு, அந்தக் குரல்களை ஒரு இருட்டறையில் ஓடவிட்டிருந்தாள். டச்சிங்காரர் போய்ப் பார்த்தார். "இந்தப் பேச்ச நாங்க வீட்டுலயே கேட்டோம். இதுக்குக் கிளம்பி வேற வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டு அரைமணியில் வெளியே வந்துவிட்டார்.

"மாமா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. விஷயத்தச் சொல்லு. நீ சாப்பாடு விசாரிக்கவா போன் பண்ணுவே?"

அவள் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "அம்மாவோட கல்யாணத்துக்கு முன்னால நீங்க எடுத்த போட்டோ இருக்குல்ல. அதோட நெகட்டிவ் உங்ககிட்ட இருக்கா?"

"எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை கண்காட்சி தொடங்குது. அப்பா வீட்டுல இருந்த பிரிண்ட்டை செவுரு அளவுக்குப் பெருசாக்கியிருக்கேன். ஆனா அது எங்கம்மா இல்லையே மாமா. நீங்க போட்ட பென்சிலைத் துடைச்சா அடியில அவங்க இருப்பாங்க. மூணு வயசுல விட்டுட்டுப் போனவங்க. எனக்கு முகம் ஞாபகமே இல்ல. வேற ஒரு படம்கூட இல்ல."

"இல்ல பாப்பா. ஸ்டுடியோ மூடினப்ப எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிட்டாங்க."

"நிஜமாவா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

நெகட்டிவ் இரும்பு பீரோவில், மனைவியின் பழைய துணிகளுக்கு அடியில், ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. நாற்பத்தெட்டு வருஷமாக அங்கே இருக்கிறது. போனை வைக்கும்போது அவர் பீரோப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதில் நல்ல பழக்கம் இருந்தது.

மறுநாள் காலையில் டச்சிங் பென்சில் சீவியிருந்தது.

மருந்து டப்பாவை எடுக்கப் போனவர் அப்படியே நின்றார். டப்பாவும் பில்லும் கண்ணாடியும் தரையில் வரிசையாக இறக்கி வைக்கப்பட்டிருந்தன. மங்கல் கண்ணாடி துடைத்துச் சுத்தமாக இருந்தது. அதன் குறுக்கே பென்சில். மரத்தை ஒரு அங்குலத்துக்குச் சீவி, ஈயத்தை உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேய்த்து, ஊசிபோல, தொட்டால் குத்துகிற மாதிரி, உலகத்தில் டச்சிங்காரன் மட்டுமே சீவுகிற சீவல். பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகைத் தூள்.

கதவு உள்பக்கம் தாழ் போட்டபடி இருந்தது.

தூக்கத்தில் நானே செய்திருப்பேன் என்றார் வாய்விட்டு. வயசானால் கை பழைய வேலையைத் தேடும். தூளை ஊதப் போனார். ஏனோ ஊதவில்லை, துணியால் துடைத்தார். அன்று முழுக்க வீட்டில் டர்பன்டைன் வாசம் அடித்தது. மூக்கின் நுனியில் இனிப்பாகவும் தொண்டையில் கசப்பாகவும் இறங்குகிற வாசம். அவரிடம் இருந்த பாட்டில் மூடி திறக்காமல் சமையலறை அலமாரியில்தான் இருந்தது.

*

தங்கைக்கு வீட்டில் கருவாச்சி என்று பெயர். யாரும் வேண்டுமென்று வைத்ததில்லை. வாசலில் நாய்க்குட்டிக்குப் பெயர் வருவதுபோல வந்து ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட, அண்ணன்தான் வளர்த்தான். தூரத்தில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை, லீவு கிடையாது, போட்டோ அனுப்புங்கள் என்றார்கள்.

ஸ்டுடியோ நாற்காலியில் அவளை உட்காரவைத்து எடுத்தான். பிறகு இரண்டு சாயங்காலம் பெட்டியின் முன் குனிந்தான். நெற்றியில் தொடங்கிக் கன்னத்துக்கு வந்தான். கமாவுக்கு மேல் கமா. மூக்கு அகலம் என்று தோன்றியது, பிளேடை எடுத்தான். உதடு தடிப்பு, அதையும். தாடையை ஒரு நூல் உள்ளே தள்ளினான். பிரிண்ட் போட்டு எடுத்தபோது அவனே அசந்துபோனான். தண்ணீர்த் தட்டில் மிதந்துகொண்டு ஒரு அழகி அவனைப் பார்த்தாள். எங்கும் பிறக்காதவள். அவளை அவனுக்குப் பிடித்துவிட்டது. அதுதான் அவன் யாரிடமும் சொல்லாதது. இன்னொரு பிரிண்ட் போட்டு ஷோகேஸில் வைத்தான். கருவாச்சி தினமும் அந்த ஷோகேஸைத் தாண்டித்தான் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். ஒருவர்கூட அவளைத் திரும்பிப் பார்த்து இவள்தானே அது என்று கேட்டதில்லை.

கல்யாணத்தன்று மாமியார் கேட்டாள். "போட்டோவுல வேற மாதிரில்ல இருந்துச்சு?"

"வெளிச்சக் கோளாறுங்க. ஸ்டுடியோ லைட்டு அப்படி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

படத்தை அந்த வீட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். வருகிறவர்களிடம் அதைக் காட்டி "எங்க மருமக" என்பார்கள். உள்ளேயிருந்து வருகிறவளைப் பார்த்து "போட்டோக்காரி எப்ப வருவா?" என்பார்கள். வேடிக்கைதான். தினமும் ஒரே வேடிக்கை. நாலு வருஷம்.

ஒருநாள் மத்தியானம் மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோவின் பின்வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, அவங்க அடிக்கல, திட்டல. அவளத்தான் கேக்கிறாங்க. சாப்பிடும்போது அவரு, போட்டோக்காரிக்கும் ஒரு தட்டு வைடின்னு சிரிப்பாரு. நானும் வைப்பேன், விளையாட்டுதானேன்னு. நேத்து அந்தத் தட்டு காலியா இருந்துச்சுண்ணா."

"பூனை தின்னிருக்கும்."

"பூனை தட்டக் கழுவி வைக்குமா? நெகட்டிவ்ல இருந்து அவள அழிச்சிடுண்ணா. உன் கையால போட்டதுதானே. அவ போகட்டும்."

"பைத்தியமா உனக்கு? அதெல்லாம் வெளிச்சக் கோளாறு. கிளம்பு, புருஷன் தேடுவான்."

"என்னையா?" என்றாள் அவள்.

அவனே பஸ் ஏற்றிவிட்டான். ஜன்னலோர இடம் பிடித்துக்கொடுத்தான். இரண்டு மாதத்தில் தகவல் வந்தது. காய்ச்சல் என்றார்கள். முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். அவன் விலக்கிப் பார்த்தான். தரை கழுவுகிற பவுடரும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்திருந்தாள் என்று பிறகு வேலைக்காரி சொன்னாள். கன்னம் முழுக்கச் சின்னச் சின்னக் கீறல். வளைந்து வளைந்து, கமா கமாவாக.

துணியை மறுபடி போர்த்திவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பி வந்துவிட்டான்.

*

புதன்கிழமை பாப்பா காமிராவோடு வந்தாள். ஜன்னலோரம் கிடந்த பெட்டியை வெளிச்சத்துக்கு இழுத்துப்போட்டு, மாமாவின் கை வேலை செய்வதை மட்டும் எடுக்கவேண்டும் என்றாள். யாரோ ஒருவருடைய பழைய நெகட்டிவையும் எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தாள்.

"கை நடுங்கும்."

"நடுங்கட்டும். அதுவும் படத்துல வரட்டும்."

அவள் குனிந்து காமிராவைச் சரிசெய்தபோது ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கறுத்த, எண்ணெய் தேய்த்த மரம் போன்ற முகம். இடது கன்னத்தில் அம்மை போட்டுப்போன மூன்று குழி. அகன்ற, யாருக்கும் அஞ்சாத மூக்கு. தடித்த உதடு. டச்சிங்காரர் பார்வையைப் பென்சிலுக்குத் தாழ்த்தினார். பத்து வருஷமாக, இருபது வருஷமாக அவருக்குத் தெரியும். இவளுக்குத்தான் தெரியாது. கருவாச்சியை உரித்து வைத்திருந்தாள். கண்ணாடியில போய்ப் பாரு பாப்பா, அதுதான் உங்கம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், அப்படியானால் அந்தப் படத்தில் இருப்பவள் யார் என்று அடுத்த கேள்வி வரும்.

பத்து நிமிஷம் கமா போட்டார். நிறுத்திக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பாப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டாள். நெற்றி சுருங்கியது. "மாமா, நீங்க கை எடுத்த பிறகும் சத்தம் ஓடுது."

"என்ன சத்தம்?"

ஹெட்போனை அவர் காதில் வைத்தாள். கிர்ர். கிர்ர். கிர்ர். பென்சில் நுனி நெகட்டிவில் நகர்கிற சத்தம். எறும்பு காகிதத்தில் நடப்பதுபோல. அவர் கை மடியில் கிடந்தது. சத்தம் நிற்கவில்லை. நிதானமாக, நடுக்கமில்லாமல், நல்ல வயசில் இருக்கிற ஒரு கையின் வேகத்தில் போய்க்கொண்டேயிருந்தது.

"மைக் கோளாறு" என்றார்.

"இருக்கலாம்." அவள் சாமான்களைக் கட்டினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "இன்னொரு தடவ கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. அம்மா நெகட்டிவ் வீட்டுல எங்கயாவது இருக்குமா? தேடிப் பாத்தீங்களா?"

"இல்லேன்னா இல்லதான். ஒரே பாட்ட எத்தன தடவ பாடுவே?"

அவள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் மாடி. தரை. வெளிக்கதவு.

கிர்ர்.

அவர் திரும்பினார். அறையில் யாரும் இல்லை. பெட்டி, ஜன்னல், சுவரில் மனைவியின் படம். படத்தில் என்னமோ சரியில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். மனைவிக்குக் கீழ் உதட்டோரம் ஒரு மச்சம் உண்டு. சண்டை போடும்போது அதுதான் முதலில் துடிக்கும். மச்சம் இல்லை. கண்ணோரச் சுருக்கங்கள் இல்லை. அறுபது வயதில் எடுத்த படம். ஒரு பீங்கான் பொம்மை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தார்.

கமா. கமாவுக்கு மேல் கமா.

அவருடைய கை. வலப்பக்கம் சாய்ந்து, வாலில் சின்ன நெளிவோடு. வேறு எவனும் அப்படிப் போடமாட்டான்.

மகன் படத்தைப் பார்த்தார். மகனை அடையாளம் தெரியவில்லை. பர்ஸில் இருந்த பஸ் பாஸைப் பார்த்தார். அதில் அவர் முகம் பாதி வெளுத்திருந்தது. மீதி இருந்த பாதிதான் அதிகமாகப் பயந்திருந்தது.

*

வியாழக்கிழமை மத்தியானம் பீரோவைத் திறந்தார். வெயில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் திறந்தார். தெருவில் யாரோ கூவி விற்றுக்கொண்டு போனார்கள், கீழ்வீட்டில் பிரஷர் குக்கர் கத்தியது. இதெல்லாம் கேட்கிறபோதே முடித்துவிட வேண்டும். பிஸ்கட் டப்பாவில் எண்ணெய்க் காகித உறைக்குள் உள்ளங்கை அகல நெகட்டிவ். பெட்டியின் மேல் வைத்து, கீழே விளக்கைப் போட்டார். கறுத்துத் தடித்த பென்சில் பூச்சுக்குள் அந்த அழகி இருந்தாள். தலைகீழ் உலகத்தில் வெள்ளை முடியும் கறுப்பு முகமுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

துடைத்துவிடுவோம். துடைத்து, நாளைக்குக் கொண்டுபோய்ப் பாப்பா கையில் கொடுத்து, கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடுவோம். இந்தா உங்கம்மா.

டர்பன்டைன் மூடி இறுகியிருந்தது. பல்லால் கடித்துத் திறந்தார். பஞ்சைத் தொட்டு, நெற்றியில் ஒரு இழுப்பு. சாம்பலாக வந்தது. கன்னத்தில் ஒரு இழுப்பு. இன்னொரு பஞ்சு. இன்னொன்று. நாற்பத்தெட்டு வருஷத்துச் சாம்பல் விரலிடுக்கில் இறங்கி நகக்கண்ணில் ஏறியது. கருவாச்சியின் நெற்றி தெரிந்தது. அவள் புருவம். "வந்துட்டியா" என்றார்.

அதற்குக் கீழே துடைத்தார்.

மூக்கு இல்லை.

உதடு இல்லை. தாடை இல்லை. பிளேடு போன இடமெல்லாம் வெறும் கண்ணாடித்தெளிவு. கண்ணுக்குக் கீழே ஒரு பள்ளம், அதற்குள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எத்தனை ஆழமாகச் சுரண்டியிருக்கிறார் என்று அவருக்கே மறந்துபோயிருந்தது. இல்லை, மறக்கவில்லை. தெரியும். போனில் அவள் கேட்டபோதே தெரியும். அடியில் அம்மா இருப்பாங்க என்றாளே, அடியில் யாரும் இல்லை. கருவாச்சியை அவர் மூடி வைக்கவில்லை. சுரண்டி, தூளை ஊதியிருந்தார்.

பிறகுதான் இன்னொன்று உறைத்தது. மேலே இருந்தவளைத் துடைத்தாகிவிட்டது. அவள் எங்கே போனாள்?

பஞ்சுகளைப் போட்ட குப்பைத்தொட்டியைப் பார்த்தார். பஞ்சுகள் இருந்தன. வெள்ளை வெளேரென்று, ஒரு பொட்டுச் சாம்பல் இல்லாமல்.

பென்சிலைக் காணவில்லை. பிளேடையும்.

*

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, நெகட்டிவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சுரண்டிட்டேன் பாப்பா. உங்கம்மா முகம் உன் முகம்தான். அவ்வளவுதான், இரண்டே வாக்கியம்.

பெரிய கண்ணாடிக் கதவு. உள்ளே வெளிச்சத்தை அடைத்து இருட்டாக்கிய நீளமான அறை. கையில் காகிதக் கோப்பையோடு பத்துப் பதினைந்து பேர். ஒரு சுவரில் அவர் கை வீடியோவாக ஓடியது. ஆள் உயரத்துக்கு விரல், தூண் கனத்துக்குப் பென்சில். நாலு மூலையிலும் ஒலிப்பெட்டி வைத்து கிர்ர் கிர்ர் என்று அறை முழுக்க ஓடவிட்டிருந்தாள். எதிர்ச் சுவரில் அந்தப் படம். நாற்காலி, துணியின் மடிப்பு, மடியில் கோத்த கைகள், கழுத்து. கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. வழவழவென்று வெறும் காகிதம்.

"என்ன துணிச்சல் பாருங்க!" என்றாள் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம். "முகத்தையே எடுத்துட்டாங்க."

பாப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவர் கையைப் பிடித்தாள். "மாமா, நான் எடுக்கல. காலையில மாட்டினப்ப முகம் இருந்துச்சு. பூட்டிட்டு டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தா இப்படி. யாருகிட்டயும் சொல்லல. எல்லாரும் பாராட்டுறாங்க."

"பிரிண்ட் கோளாறா இருக்கும்."

"அந்தப் படமும் போச்சு மாமா, பையில வெச்சிருந்த பழைய பிரிண்ட்லயும் முகம் இல்ல. அம்மாவ இனி எங்க பாப்பேன்?" அவர் கண்ணையே பார்த்தாள். "கடைசியாக் கேக்கிறேன். அந்த நெகட்டிவ் நிஜமாவே இல்லையா?"

சட்டைப் பையில் உறை நெஞ்சைக் குத்தியது. வாயைத் திறந்தார். இரண்டு வாக்கியமும் நாக்கின் நுனியில் இருந்தன. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். கோப்பையோடு அந்த அம்மாள் இந்தப் பக்கம் பார்த்தாள்.

"இல்ல" என்றார்.

கிர்ர்.

பாப்பாவின் இடது கன்னத்தில் மூன்று குழிகளில் ஒன்று மறைந்தது.

அவர் கண்ணைக் கசக்கினார். இருட்டு. வீடியோ வெளிச்சம் ஆடுகிறது. ஆபரேஷன் பண்ணின கண். மறுபடி பார்த்தார். இரண்டு குழி. கிர்ர். ஒரு குழி. கிர்ர். கன்னம் வழவழவென்று, நனைந்த காகிதம் மாதிரி, சாம்பலாக வெளுத்துக்கொண்டு வந்தது. தோலின்மேல் பொடிப்பொடியாக, வலப்பக்கம் சாய்ந்து, வாலில் நெளிவோடு.

சுவரைப் பார்த்தார். வீடியோவில் அவர் கை இல்லை. அது எப்போதோ மடிக்குப் போயிருந்தது. பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. பிடித்திருந்த கையில் நரம்பில்லை. ரேகையில்லை. விரல் மடிகிற இடத்தில் கோடுகூட இல்லை.

"ஏன் மாமா அப்படிப் பாக்கிறீங்க? என் முகத்துல ஏதாவது இருக்கா?"

இப்போது சொன்னாலும் நிற்குமோ என்னவோ. உறையை எடுத்து நீட்டினால். காலைப் பிடித்தால். அவர் அந்த மூக்கைப் பார்த்தார். உலகத்தில் மிச்சமிருந்த ஒரே மூக்கு.

"ஒண்ணுமில்ல பாப்பா" என்றார். "வெளிச்சக் கோளாறு."

பென்சில் சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வேறு சத்தம். அதைவிட மெல்லிசு. அதைவிட வறட்சி. ஸ்க். ஸ்க். டச்சிங்காரருக்கு அதுவும் தெரிந்த சத்தம்தான்.

பிளேடு.

"எனக்கு நேரமாகுது" என்றார். "பஸ்ஸு."

திரும்பி நடந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளினார். வெளியே நல்ல வெயில். ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஒரு பெண் போனை நீட்டிப் பிடித்து உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தாள். பின்னால் "மாமா" என்று கேட்டது. இரண்டாவது "மாமா" பாதியில் மழுங்கிக் கேட்டது. மூன்றாவதில் எழுத்தே இல்லை, வெறும் மூச்சு.

ஒரே ஒரு தடவை திரும்பினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாப்பா இரண்டு உள்ளங்கையையும் கதவில் ஊன்றி நின்றாள். நெற்றி இருந்தது. புருவம் இருந்தது. கண் இரண்டும் இருந்தன, அவரைத்தான் பார்த்தன. கண்ணுக்குக் கீழே ஒன்றுமில்லை, வழவழவென்று. அவள் தோளுக்குப் பின்னால், பெட்டியின் முன்னால் அவர் குனிகிற அதே குனிவாகக் குனிந்து, ஒருத்தி. அழகி. எங்கும் பிறக்காதவள். தலையைச் சாய்த்து வேலை சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு உதட்டைக் குவித்து, தூளை மெல்ல ஊதினாள்.

டச்சிங்காரர் சட்டைமேல் படிந்திருந்த சாம்பலைத் தட்டிவிட்டார். இந்தக் காலத்துக் கண்ணாடி, இந்தக் காலத்து விளக்கு, எதையும் நம்புவதற்கில்லை என்று முணுமுணுத்தார். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். ஜன்னலோர இடம் கிடைத்தால் தேவலை.